விரல் மட்டும் அவனுடையது

துணை மின்நிலையத்தில் பெரிய டிரான்ஸ்பார்மரின் விசிறிகள் ஓடுகிற சத்தம் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டிருந்தான், சூடு ஏறிவிட்டது, எழுந்துபோய் மீட்டரைப் பார்க்க வேண்டும், எழவேண்டும் எழவேண்டும் என்று மனசு சொல்கிறது, கால் மட்டும் வேறு யாருடைய காலையோ போலக் கிடக்கிறது, பிறகு தலையணையின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியபோது இது வீடு, பாளையங்கோட்டை வீடு, ராத்திரி டூட்டி முடிந்து வந்து குளித்துப் படுத்தாயிற்று, ஜன்னல் சேலைத்துணி வழியாக அடிப்பது காலை வெயில், சத்தம் அடுத்த அறையில் வடிவின் லேப்டாப்பிலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு சத்தமா. அவன் புரண்டு படுத்தான். சத்தத்துக்கு அடியில், வாய்க்காலில் மதகுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர்போல, வடிவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. ஆனால் அவள் சிரித்தது கேட்டது. ஒரு வேலையும் ஓடாமல் கைபிசைந்து நிற்கிறவள் சிரிக்கிறாள் என்றால் போனில் எதிரே அவளோடு கம்பெனியில் வேலை பார்க்கிற ஆல்வின்தான் இருக்கவேண்டும். அவனோடு பேசும்போது மட்டும் வருகிற சிரிப்பு அது, முதலில் மூச்சு மட்டும் வந்து, அடக்கி, அடக்க முடியாமல் உடைகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறோமா என்று ஆவுடையப்பன் யோசித்தான். கேட்டிருக்க வேண்டும். எதற்காகச் சிரித்தாள் என்றுதான் நினைவுக்கு வரவில்லை, எவ்வளவு தோண்டினாலும் கல்யாண மண்டபத்தின் ஜெனரேட்டர் புகைதான் ஞாபகத்தில் வந்து நின்றது.

டூட்டியிலிருந்து வந்ததுமே அவள் சொல்லத்தான் செய்தாள், சார்ஜ் ஏற மாட்டேங்கு, கொஞ்சம் பாருங்களேன் என்று. அவன் டெஸ்டரை எடுத்து அடுப்படி வாசல் பிளக்கில் வைத்தான். விளக்கு எரிந்தது. கரண்ட் வருது, உன் மிஷின்லதான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான். பதினெட்டு வருஷமாக மின்வாரியத்தில் இருக்கிறவன் சொல்லியாயிற்று, அதற்குமேல் என்ன. அவள், அப்ப ஆல்வின்கிட்ட கேக்கேன் என்றாள். வெறுமனே சொன்னாள், கடைக்குப் போய் உப்பு வாங்கி வாரேன் என்பதுபோல. அவனுக்கு அது போர்வைக்குள் புகுந்த கொசுமாதிரி ஆகிவிட்டது. தூங்கினானா இல்லையா என்றே தெரியவில்லை, தூக்கத்துக்குள்ளும் அப்ப ஆல்வின்கிட்ட கேக்கேன், அப்ப ஆல்வின்கிட்ட கேக்கேன்.

கதவு திறந்தது. வடிவு ஒரு கையில் லேப்டாப்பையும் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனையும் இடுக்கிக்கொண்டு நின்றாள். இடது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. முந்தாநாள் வாழைக்காய் சீவும்போது கத்தி வழுக்கியது.

"ஏங்க, முழிச்சுட்டீங்களா? கொஞ்சம் எந்திரிங்க. ஆல்வின் ஒரு வழி சொல்லுதாரு. மூணு கட்டைய ஒண்ணா அமுக்கணுமாம், இந்தக் கைய வச்சுட்டு எனக்கு முடியல."

"எந்தக் கட்டைய?"

"அவரே சொல்லுவாரு. ஸ்பீக்கர்ல போடுதேன். பதினோரு மணிக்கு மீட்டிங்கு, இன்னைக்கு நான்தான் பேசணும், தெரியும்லா?"

தெரியாது. இல்லை, தெரிந்திருக்க வேண்டும், சாப்பிடும்போது ஏதோ சொன்னாள், பாடப்புத்தகம், அஞ்சாம் வகுப்பு அறிவியல், பக்கங்களை அவள்தான் வடிவமைத்தது, இத்தனை நாளும் ஆல்வின் பேசுவான், இந்தத் தடவை நீங்களே பேசுங்க என்று சொல்லிவிட்டான். நீங்களே பேசுங்க என்று. சார் மேடம் என்று அந்தக் கம்பெனியில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லையாம், எல்லாருக்கும் பெயர்தான். வடிவு. போனில் அந்த ஆள் அப்படித்தான் கூப்பிட்டான், "வடிவு, சார் வந்துட்டாரா?" என்று, நடுவில் கொஞ்சமும் தடுக்காமல், சொந்த வீட்டுக் கிணற்றில் வாளி இறக்குகிறவன்போல. இவனுக்கு சார். அவளுக்கு வடிவு. ஊர் முழுக்க அவளைச் சண்முகவடிவு என்றோ ஆவுடையப்பன் வீட்டம்மா என்றோ சொல்லும், வடிவு என்று சொல்ல அவளுடைய அம்மா அப்பாவை விட்டால் தனக்கு மட்டும்தான் பாத்தியதை என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

"வணக்கம் சார். தூக்கத்தக் கெடுத்துட்டோம், மன்னிக்கணும்," என்றது போன். நாகர்கோவில் பேச்சு. கோயம்புத்தூரில் வேலை பார்த்தாலும் பேச்சில் ஊர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ஒண்ணும் பயப்படாண்டாம் சார். உள்ள ஒரு சின்ன சிப்பு உண்டு, சார்ஜையும் ஃபேனையும் அதுதான் பாத்துக்கிடும். கரண்டு விட்டு விட்டு வந்தா அது குழம்பிப் போவும். சூடு இல்லாமலே சூடுன்னு நெனச்சு ஃபேன ஓட்டும், வயரு சொருகியிருந்தாலும் சொருகலன்னு நெனைக்கும். அத ஒரு தடவ நெனப்ப அழிச்சு எழுப்பணும், அவ்வளவுதான் கேட்டீங்களா."

"அதுல இருக்கதெல்லாம் அழிஞ்சிராதா?"

"புத்தகத்துக்கு ஒண்ணும் ஆவாது சார். அந்தச் சிப்போட நெனப்பு மட்டும்தான்."

கேட்டீங்களா. இந்தக் கேட்டீங்களாவை ஆவுடையப்பன் இதற்கு முன்பு எங்கோ கேட்டிருக்கிறான், இந்த வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கிறான், லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டு சம்மணம் போட்டபோது அது எங்கே என்று தெரிந்துவிட்டது, வடிவின் வாயில். தீபாவளிக்கு மகளோடு போனில் பேசும்போது, ஹாஸ்டல்ல எண்ணெய் தேச்சுக் குளிக்கணும் கேட்டியா என்றாள். மகளுக்குக் கேட்டியா, இவனுக்குக் கேட்டீங்களா. மீன்காரரிடம்கூட, செதில நல்லா எடுக்கணும் கேட்டீங்களா. சங்கரன்கோவில் பெண்ணுக்கு நாகர்கோவில் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவன் அப்போது யோசித்தானே தவிர பதில் தேடவில்லை. ஒரு ஆளோடு ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசினால் அவன் பேச்சு வாயில் ஒட்டும்? தன்னோடு பதினெட்டு வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்தி தன்னுடைய எந்த வார்த்தை அவள் வாயில் ஒட்டியிருக்கிறது? கரண்ட் போனால் டிரிப் ஆயிருச்சு என்பாள், அது ஊர் முழுக்கச் சொல்வது. மகள் மதுரைக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அவள் இந்த வேலையில் சேர்ந்தபோது, நல்லதுதான் என்று அவனே சொன்னான். வீட்டிலேயே இருந்து பார்க்கிற வேலைதானே என்று சொன்னான். வீட்டுக்குள்ளே இருப்பவள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு. டூட்டிக்குப் போகும்போது வெளிக்கதவைச் சாத்திவிட்டுப் போனான், அந்தப் பெட்டி ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது.

"முதல்ல மிஷின அணைச்சிருங்க சார். வயர உருவிருங்க. இடது பக்கம் ஷிப்ட், கண்ட்ரோல், ஆப்ஷன்னு மூணு இருக்கும், இடது கையால மூணையும் பிடிங்க. வலது கைல மேல மூலைல பவர் பட்டன். நாலையும் சேத்து அமுக்கிப் பிடிச்சிருக்கணும். நான் பத்து எண்ணுதேன். எண்ணி முடிச்சதும் நாலையும் ஒண்ணா விடணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி விடப்பிடாது."

மின்நிலையத்தில் ஒரு ரிலே விழுந்து லைன் நின்றுபோனால் ரீசெட் செய்வதற்கு அவன் யாரையும் கேட்பதில்லை. கோட்டப் பொறியாளரே போன் போட்டு, ஆவுடையப்பன் என்னய்யா ஆச்சு என்று கேட்பார். இப்போது சொந்தக் கட்டிலில், பனியனோடு, எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் இதை அமுக்கு அதை அமுக்கு என்று சொல்ல, இவன் விரலைத் தேடித் தேடி வைத்துக்கொண்டிருக்கிறான். விசைகள் சின்னதாக, வழவழப்பாக இருந்தன. ஷிப்டின் ஓரத்தில் எழுத்து லேசாகத் தேய்ந்திருந்தது. அவள் விரல் தேய்த்தது. அந்தத் தேய்மானத்தின் மேல் தன் சுண்டுவிரல் உட்கார்ந்தபோது அவனுக்குக் கூச்சமாக இருந்தது, அடுத்தவர் செருப்பில் காலை விட்டதுபோல. வடிவு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைக் குனிந்து பிடித்திருந்தாள், தலை குளித்த ஈரம், சீயக்காய், மீட்டிங்குக்கு என்று கட்டிய நீலச் சேலை. கீழே வீட்டில் கட்டுகிற பழைய பாவாடைதான் எட்டிப் பார்த்தது. கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். அதுவும் அவனுக்கு உறுத்தியது. அவர்களுக்கு நீலச் சேலை, எனக்குப் பாவாடை விளிம்பு.

"பிடிச்சாச்சா சார்? எண்ணுதேன். ஒண்ணு."

நிதானமான குரல். பள்ளிக்கூடத்துச் சார் குரல். அவசரமே இல்லாத குரல்.

"ரெண்டு."

இந்தக் குரலைத்தான் அவள் தினமும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காதுக்குள்ளேயே. ஆவுடையப்பன் பேசினால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே பாதி காற்றில் போய்விடும், என்னங்க, என்ன சொன்னீங்க என்பாள், ஒண்ணுமில்ல என்பான். ஆல்வின் குரல் காதுமடலைத் தாண்டி நேராக உள்ளே. எப்படி இருப்பான்? ஆவுடையப்பன் அவனைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொண்டதும் இல்லை. தாடி வைத்திருப்பான், ஒழுங்காக வெட்டின தாடி. கைமடித்த சட்டை. ஏசி அறை. மூணு என்றான் நாலு என்றான். விசைகளுக்குக் கீழே ஒன்றும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை, திரை கறுப்பாக இருந்தது, அந்தக் கறுப்பில் அவனுடைய மூக்கும் தூங்காத கண்ணும் கலைந்த தலையும், பக்கத்தில் வடிவின் கன்னத்தில் பாதியும் தெரிந்தன. இது சரியாகிவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தோன்றியது. சரியாகிவிட்டால் ஆல்வின் சொன்னான், சரியாயிற்று. எப்போதும் அதையே சொல்வாள். மகளிடம் சொல்வாள், அவள் தங்கச்சியிடம் சொல்வாள், கோயம்புத்தூர்ல இருந்துட்டே சரிபண்ணிட்டாரு, இவரு டெஸ்டர வச்சுப் பாத்துட்டுப் படுத்துட்டாரு என்பாள். சரியாகாவிட்டால்? சரியாகாவிட்டால் பதினோரு மணிக்கு ஆல்வினே பேசுவான். அவள் முகம் வாடும். வாடட்டும், சாயங்காலம் ஜங்ஷனில் கடைக்குக் கொண்டுபோகலாம், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாள், மடியில் லேப்டாப் பை, ஒரு கை இவன் தோளில். ஆறு. ஏழு என்கிறபோது அவன் சுண்டுவிரல் ஷிப்டின் மேல் இருந்தது. ஆனால் அமுக்கவில்லை. வியர்வையில் வழுக்கியது என்று சொல்லிக்கொள்ளலாம். வழுக்கத்தான் செய்தது. வழுக்கியதை மறுபடி அமுக்கியிருக்கலாம், விரல் அங்கேயேதான் இருந்தது, தொட்டுக்கொண்டுதான் இருந்தது, பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. எட்டு. வடிவின் உதடு ஆல்வினோடு சேர்ந்து சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பது. பிக்பாக்கெட் அடிக்கிறவன் விரலும் இப்படித்தான் பட்டும் படாமலும் இருக்குமோ.

"பத்து. விடுங்க சார். இப்ப வயரச் சொருகி, ஆன் பண்ணுங்க."

வடிவு ஓடிப்போய் அடுப்படி வாசல் பிளக்கில் சொருகினாள். வயர் கட்டில் வரைக்கும் நீண்டு வந்தது. அவன் பட்டனை அமுக்கினான். ஒரு கணம் அமைதி, பிறகு அந்த ஊளை மறுபடி கிளம்பியது, முன்னைவிட வெறியோடு. வயர் முனையில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை.

"அய்யோ," என்றாள் வடிவு. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த அய்யோவில் அழுகை வந்துவிட்டுப் போனது அவனுக்குக் கேட்டது. கேட்டதும் கிடைக்கும் என்று எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. வாயில் துரு மாதிரி ஒரு ருசி.

"பரவாயில்ல வடிவு. மொத தடவ எனக்கும் வராது. இன்னொரு தடவ பாப்போம்," என்றது போன். "ஒண்ணு பண்ணுங்க. அந்த அடுப்படி வாசல் பிளக்கு வேண்டாம், அதுல பிடிப்பு இல்ல. கூடத்துல டிவிக்குப் பொறத்தால ஒண்ணு உண்டுல்லா, அதுல சொருகுங்க. அங்க இருந்தே பண்ணுவோம்."

வடிவு சரி என்று எழுந்து கூடத்துக்குப் போனாள். ஆவுடையப்பன் எழவில்லை. டிவிக்குப் பொறத்தால. டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் இருப்பது ஆல்வினுக்கு எப்படித் தெரியும்? அது டிவிக்கு முழுக்க மறைந்து கிடக்கிற பிளக். டிவி ஸ்டாண்டை நகர்த்தினால்தான் தெரியும். அடுப்படி வாசல் பிளக்கில் பிடிப்பு இல்லை என்று கையை வைத்துச் சொருகிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், டெஸ்டர் வைத்த தனக்கே தெரியவில்லை. வந்திருக்கிறான். இந்த வீட்டுக்கு வந்திருக்கிறான். நாகர்கோவிலுக்குப் போகிற வழியில் இறங்கியிருப்பான், பாளையங்கோட்டைதானே, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம். எந்த வாரம்? ராத்திரி டூட்டி வாரம் என்றால் பகலில் ஆவுடையப்பன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான், பகல் டூட்டி வாரமாகத்தான் இருக்கவேண்டும். போன மாதம் ஒருநாள் டூட்டி முடிந்து வந்தபோது கூடம் பெருக்கித் துடைத்து, டிவி ஸ்டாண்டு ஒரு சாண் தள்ளி இருந்தது. பூச்சி மருந்து அடிச்சேன் என்றாள். பூச்சி மருந்து வாடை அடித்ததா? அடித்தது. அடித்ததா? அடித்ததுபோல இருந்தது, அவள் சொன்னதால் அடித்ததுபோலத் தோன்றியிருக்கலாம். அந்த ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற ஒரு முதுகு அவன் கண்ணில் வந்து நின்றது, கைமடித்த சட்டை, பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு வடிவு, ரெண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறார்கள், முதலில் மூச்சு மட்டும் வந்து, அடக்கி, உடைகிற சிரிப்பு. அந்த முதுகை அவனால் நகர்த்த முடியவில்லை. லேப்டாப்பின் சூடு தொடையில் சுட்டது, அல்லது சூடு இல்லாமலே சூடு என்று நினைத்தது.

அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். வடிவு டிவி ஸ்டாண்டைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தாள், போன் தரையில் கிடந்தது.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"இங்கன பிளக் இருக்கது."

கேட்டுவிட்டான். கேட்ட குரல் அவனுக்கே வேறு மாதிரி ஒலித்தது, சரக்குப் போட்டவன் குரல் மாதிரி. வடிவு தோளை எடுத்து நிமிர்ந்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் புரியாத ஒரு வெறுமை, பிறகு புரிந்து, புரிந்ததும் கண் ஓரம் சிவந்தது. தரையில் போனின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

போன்தான் பேசியது. "சார், அது எங்க டீமுக்கு முழுக்கத் தெரியும் சார். மீட்டிங் நடுவுல வடிவு காணாமப் போவாங்க. திரும்பி வந்து, அடுப்படி பிளக்கு கழண்டுட்டு, டிவிக்குப் பொறத்தால மாத்தப் போறேன், ஸ்டாண்ட நகட்டணும்னு சொல்லுவாங்க. ஒரு நாள்னு இல்ல, தெனமும் இந்தக் கததான். நகட்டியாச்சா நகட்டியாச்சான்னு எல்லாரும் கேட்டுச் சிரிப்போம். வேற ஒண்ணுமில்ல சார்."

"உங்ககிட்டயும் சொன்னேன்," என்றாள் வடிவு. சத்தம் போடவில்லை. "ஐப்பசி மழைல சொன்னேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சொன்னேன். பாக்கேன்னீங்க. கை இப்படி ஆனதுல இருந்து ஸ்டாண்டயும் நகட்ட முடியல. காலைல சார்ஜ் ஏறலன்னு சொன்னதுக்கும் டெஸ்டர வச்சீங்க, வயர ஒரு தடவ சொருகிப் பாக்கல. நான் என்ன பண்ண, யார்கிட்ட போய்ச் சொல்ல?"

அவள் குனிந்து வயரைச் சொருகினாள். ஆவுடையப்பனுக்கு ஐப்பசி ஞாபகம் இல்லை. வெள்ளையடித்தது ஞாபகம் இருந்தது, சுண்ணாம்பு வாளி, ஏணி, அவள் பக்கத்தில் நின்று என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது எல்லாம் ஞாபகம் இருந்தது, சொன்ன வார்த்தை மட்டும் இல்லை. அவன் அப்போது பாக்கேன் என்று சொல்லியிருப்பான். அது வாயே சொல்லும் வார்த்தை. யாரும் வரவில்லை என்பது நிம்மதியாக இருக்கவேண்டும். அந்த முதுகு கலைந்துவிட்டது, டார்ச்சும் அணைந்துவிட்டது. ஆனால் பொறாமை போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது. ஒருத்தன் வந்து டிவி ஸ்டாண்டை நகர்த்தியிருந்தால்கூடச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஒருத்தன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதற்கு எந்தச் சட்டையைப் பிடிப்பது. ஆறேழு பேர் இருக்கிற டீமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வீட்டின் மின்சாரக் குறை கோயம்புத்தூருக்குத் தெரியும், மின்வாரியத்து ஆளுக்குத் தெரியாது.

"இன்னொரு தடவ பிடிக்கேன்," என்றான். தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை அணைத்தான், வயரை உருவினான். "எண்ணுங்க தம்பி."

தம்பி என்று ஏன் வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. ஆல்வின் ஒன்று என்றான். இந்தத் தடவை சுண்டுவிரல் நுனி வெளுக்கிற அளவுக்கு அமுக்கினான். ரெண்டு. வடிவு எதிரே நின்றாள், அவனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள், சேலை முந்தானையைக் கட்டுப்போட்ட கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள், அந்தக் கட்டும் யார் போட்டது, அவளே பல்லால் இழுத்து முடிந்தது, ஒரு பக்கம் அவிழ்ந்து நூல் தொங்குகிறது, மூணு, இந்தக் கட்டைப் பற்றியும் ஆல்வினுக்குத் தெரியும், வாழைக்காய் என்றுகூடத் தெரிந்திருக்கும், கத்தியா அரிவாள்மணையா என்று கேட்டிருப்பான், தையல் போடணுமா என்று கேட்டிருப்பான். நான் கேட்டேனா? பாத்துச் சீவக்கூடாதா என்று கேட்டேன். நாலு, அஞ்சு. இந்தச் சிப்பு குழம்பியிருக்கிறது என்று அந்த ஆள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான், விட்டு விட்டு வந்தால் குழம்பிப் போகுமாம், ஆறு, வயர் சொருகியிருந்தாலும் சொருகவில்லை என்று நினைக்குமாம், அடுத்தவன் வீட்டு மிஷினைப் பற்றி எல்லாம் சொல்லத் தெரிகிறது இவர்களுக்கு, ஏழு, மறுபடி விட்டுவிடலாமா என்று விரல் கேட்டது, கேட்கத்தான் செய்தது, இவ்வளவுக்குப் பிறகும் கேட்டது, எவ்வளவு கேவலமான விரல். அவன் இன்னும் அழுத்தினான். முழங்கைவரை வலித்தது. எட்டு. வெளியே பழவண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கொய்யா என்று கத்திக்கொண்டு போனார், ஒன்பது அதில் மூழ்கிவிட்டது, எங்கே பத்து தவறிவிடுமோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். தன் வாழ்நாளில் அந்த ஆளின் குரலுக்காக அவன் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பத்து."

நாலையும் ஒன்றாக விட்டான். வடிவு வயரை நீட்டினாள், சொருகினான். முனையில் சின்ன விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது. பட்டனை அமுக்கினான். திரை வெளுத்தது. விசிறிச் சத்தத்துக்காக ரெண்டு பேரும் காத்திருந்தார்கள், வரவில்லை, காதை வைத்துக் கேட்டால் மட்டும் உள்ளே ஏதோ மெல்ல மூச்சுவிடுவதுபோல இருந்தது.

"ஏறுது! ஆல்வின், ஏறுது! ஃபேனும் அடங்கிட்டு!" வடிவு போனைத் தரையிலிருந்து வாரி எடுத்தாள். "ரொம்ப தேங்க்ஸ் ஆல்வின். உங்களாலதான். நான் பயந்தே போனேன் கேட்டீங்களா."

ஆவுடையப்பன் இடது கையை விரித்து விரித்து மூடினான். மூன்று விரல் நுனியிலும் விசையின் அச்சு சதுரமாகப் பதிந்திருந்தது. நல்லது. உங்களாலதான். அவன் எழுந்து படுக்கையறைக்குப் போயிருப்பான், ஆனால் அவள் நேரமாச்சு நேரமாச்சு என்று லேப்டாப்பை டீப்பாயில் வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவன் எழுந்து வழிவிடுவதற்குள் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள் வந்துவிட்டன. அவன் டிவி ஸ்டாண்டுக்கும் டீப்பாய்க்கும் நடுவே தரையில் மாட்டிக்கொண்டான். எழுந்தால் பனியனோடு தெரிவான். அப்படியே உட்கார்ந்து அண்ணாந்து அவளைப் பார்த்தான். கழுத்து நிமிர்ந்திருந்தது. கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சரக்கென்று போய்வந்தது, தாடையில் ஒரு உறுதி, தினமும் இந்த வீட்டில் இந்த முகம் இருந்திருக்கிறது, அவன் படுத்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம்.

"கிளையண்ட் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு," என்றது ஆல்வின் குரல். "வடிவு, உங்க பக்கத்துல ஒரு தல தெரியுதே. சாரா?"

வடிவு குனிந்து அவனைப் பார்த்தாள். கோபம் இன்னும் கண்ணில் இருந்தது. "ஆமா, எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள்.

"சாரக் காட்டுங்க வடிவு," என்றது ஒரு பெண்குரல். "பூனைக்குட்டி சார்தானே?"

திரையில் சிரிப்பு. வடிவு வேறுவழியில்லாமல் லேப்டாப்பைக் கொஞ்சம் சாய்த்தாள். ஆவுடையப்பன் பக்கத்தில் கிடந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். ஆல்வின் எது என்று சொல்லாமலே தெரிந்தது. தாடி இல்லை. நினைத்ததைவிட நன்றாகவே இருந்தான், பார்த்ததும் பிடித்துப்போகிற மாதிரி முகம், அது இன்னும் மோசம்.

"கண்ட்ரோல் பேனலுக்குள்ள பூனை குட்டி போட்டுருந்ததுன்னு லைன் போட மாட்டேன்னுட்டீங்களாமே சார்," என்றாள் அந்தப் பெண். "பெரிய ஆபீசர் போன்ல கத்தியும், அஞ்சு குட்டியையும் ஒவ்வொண்ணா வெளிய எடுத்துவச்ச பிறகுதான் போட்டீங்களாம். வடிவு சொல்லும்போது எங்களுக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். பூனை இருந்தது. குட்டிகளும் இருந்தன. குட்டிகளை எடுத்தவர் அவன் கூட வேலை பார்த்த லைன்மேன் செல்லையா. தாய்ப்பூனை கையைப் பிறாண்டிவிடுமோ என்று ஆவுடையப்பன் தள்ளி நின்றான், ஆபீசர் கத்தியபோது, இதோ சார் இதோ சார் என்றுதான் சொன்னான். சோறு தின்கிறபோது நடந்ததை நாலு வார்த்தையில் சொல்லியிருப்பான், அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், கேட்டமாதிரியே தெரியவில்லை. கேட்டிருக்கிறாள். கேட்டு எடுத்துப்போய், செல்லையாவை நீக்கி, பயத்தை நீக்கி, அந்த இடத்தில் ஒரு ஆவுடையப்பனை நிறுத்தி, ஊர் ஊருக்குக் காட்டியிருக்கிறாள். ஆறேழு சதுரங்களும் இவனை அந்த ஆளாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ஆபீசரை எதிர்த்து நிற்கிறவன். குட்டியைக் கையில் ஏந்துகிறவன். வடிவு ஒன்று சொன்னால் முதல் தடவையிலேயே எழுந்துபோய்ப் பார்க்கிறவனாக அவன் இருப்பான். அவளைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவனாகவும் இருப்பான். அந்த ஆளின்மேல் அவனுக்கு வந்த பொறாமை ஆல்வின்மேல் வந்ததைவிடப் பொல்லாததாக இருந்தது. திறந்த வாய் திறந்தபடி இருக்க, இல்ல, அது நான் இல்ல என்று சொல்ல நாக்கு புரண்டது. வடிவைப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்காமல் இவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதுமடல் சிவந்திருந்தது.

"அஞ்சு இல்லம்மா," என்றான் ஆவுடையப்பன். "நாலு குட்டி. கூட செல்லையான்னு ஒருத்தர் இருந்தாரு, அவருக்குத்தான் தைரியம்."

எல்லாரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள், தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. வடிவு சிரிக்கவில்லை. லேப்டாப்பை மறுபடி தன் பக்கம் நிமிர்த்தினாள், புதிதாக ஒரு சதுரம் திறந்து யாரோ குட்மார்னிங் என்றார்கள், அவள் தொண்டையைச் செருமினாள்.

"நான் இங்கனயே இருக்கட்டுமா?" என்று அவன் ரகசியமாகக் கேட்டான்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டுப்போட்ட கையால் மைக்கை ஒரு கணம் அணைத்தாள்.

"இருங்க," என்றாள். "வெளிச்சத்த மறைக்காம கொஞ்சம் தள்ளி உக்காருங்க."